மரம் தீர்ந்த பிறகும் நின்ற ஊர்: மேற்கு வர்ஜீனியாவின் காஸ்

கேள்வி இதுதான்: அமெரிக்க மலைக்காடுகளில் மரம் வெட்டுவதற்கென்றே ரயில் பாதை போட்டார்கள், அந்தப் பாதையோரமாகச் சிற்றூர்கள் முளைத்தன, மரம் தீர்ந்த பிறகு அந்த ஊர்களுக்கு என்ன நேர்ந்தது? ஒன்றிரண்டு மட்டும் எப்படித் தப்பின?

பெரும்பாலானவற்றைக் கட்டியவர்களே பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுப் பலகை, தண்டவாளம், பாய்லர் என்று விலைபோகும் எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பொதுவான பதில் கிடையாது. தப்பிய ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தனிக்கதை உண்டு. அதனால் நான் நன்றாக அறிந்த ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அது பிறந்ததிலிருந்து சொல்கிறேன். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் போகஹான்டஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) கிரீன்பிரையர் ஆற்றங்கரையில் இருக்கும் காஸ் என்ற ஊர் அது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 52 பேர். அதே ஊரின் ஆலை ஒரு காலத்தில் வாரத்துக்கு 15 லட்சம் பலகை அடி மரம் அறுத்தது. ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம் கொண்ட பலகைதான் ஒரு பலகை அடி.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். இந்தக் கதையில் பாதியை நிலமே தீர்மானித்தது. அப்பலாச்சியன் மலைத்தொடரின் இந்தப் பகுதியில் இரண்டு ஆறுகள் கிட்டத்தட்ட அருகருகே ஓடுகின்றன. கிரீன்பிரையர் பள்ளத்தாக்கில் தெற்கு நோக்கி ஓடுகிறது. மலைக்கு அந்தப்புறம், பல நூறு அடி உயரத்தில், ஷேவர்ஸ் ஃபோர்க் என்ற ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது பேக் அலிகெனி மலையின் முகடு. கிரீன்பிரையர் கரையோரத்து வெள்ளைப் பைன் மரங்களை 19ஆம் நூற்றாண்டிலேயே வெட்டி, வசந்தகால வெள்ளத்தில் மிதக்கவிட்டு, கீழே ரான்செவர்ட் ஊரின் அறுவை ஆலைகளுக்குக் கொண்டுபோனார்கள். முகட்டுக்கு அப்பால், சீட் மலையின் குளிர்ந்த உச்சிகளில் அடர்ந்து நின்ற சிவப்பு ஸ்புரூஸ் காட்டை மட்டும் யாராலும் தொட முடியவில்லை. மரத்தை மலையேற்றி இந்தப்பக்கம் இறக்கினால்தான் விற்க முடியும். ஆறு மேல்நோக்கி ஓடாது, மாடும் குதிரையும் அத்தனை மரத்தை இழுக்கவும் முடியாது. 1900 வரை அந்தக் காடு பிழைத்திருந்ததற்கு யாருடைய கருணையும் காரணமில்லை, அந்த ஏற்றம்தான் காரணம்.

அந்தக் காட்டைத் தேடி வந்தது காகிதத் தொழில். ஸ்புரூஸ் நீளமான நார் கொண்ட மென்மரம், காகிதக் கூழுக்கு மிகப் பொருத்தமானது. லூக் குடும்பத்தின் வெஸ்ட் வர்ஜீனியா பல்ப் அண்ட் பேப்பர் நிறுவனம் வர்ஜீனியாவின் கோவிங்டனில் நிறுவிய ஆலைக்கு ஓயாமல் மரம் தேவைப்பட்டது. செசபீக் அண்ட் ஓஹாயோ ரயில்வே, கிரீன்பிரையர் ஆற்றை ஒட்டி மேல்நோக்கிப் பாதை போட்டுக்கொண்டே வந்து, 1900 டிசம்பரில் லெதர்பார்க் ஓடை ஆற்றில் கலக்கும் இடத்தை எட்டியது. 1901 தொடக்கத்திலேயே அங்கிருந்து கூழ்மரம் கிளம்பிவிட்டது. நிறுவனத்தின் முக்கியப் புள்ளிகளில் ஒருவரான ஜோசப் காஸின் பெயரை அந்த இடத்துக்கு வைத்தார்கள். ஊருக்கு முன்பே பாதை, வீடுகளுக்கு முன்பே சரக்கு. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது எல்லாம் எளிதாகப் புரியும்.

காட்டை அளந்து, மலை மேல் பாதை கொண்டுபோகும் வேலையை முன்னின்று நடத்தியவர் சாமுவேல் ஸ்லேமேக்கர். லெதர்பார்க் ஓடையின் பள்ளத்தை ஒட்டி முகடு வரை ஏற வேண்டும். சாதாரண ரயில் பாதையில் 100 அடிக்கு 2 அடி உயர்ந்தாலே செங்குத்து என்பார்கள். இங்கே சில இடங்களில் 100 அடிக்கு 11 அடி ஏறுகிறது. சுற்றிச் சுற்றி ஏற மலையில் இடமில்லாத இரண்டு இடங்களில் ரயில் முன்னோக்கிப் போய் ஒரு முட்டுப் பாதையில் நிற்கும். ஆள் இறங்கித் தடம் மாற்றும் கம்பியைத் திருப்புவார். பிறகு பின்னோக்கி அடுத்த ஏற்றத்தில் ஏறும். இப்படி முன்னும் பின்னுமாக மலையைக் கடக்க வழக்கமான நீராவி என்ஜின் உதவாது. பக்கத்துக்கு ஒன்றாகப் படுத்திருக்கும் பிஸ்டன்கள் பெரிய சக்கரங்களைத் தண்டுகளால் தள்ளும் அமைப்பு அது. சமதளத்தில் வேகம் கொடுக்கும். ஏற்றத்திலோ சக்கரம் வழுக்கும், கோணல்மாணலான பாதையில் தடம் புரளும்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் எஃப்ரைம் ஷே என்ற மிச்சிகன் மரவியாபாரி. அவரும் மரத்தைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவர முடியாமல் திண்டாடியவர்தான். 1881இல் அவர் காப்புரிமை பெற்ற என்ஜினை ஓஹாயோ மாநிலத்தின் லைமா நகரத் தொழிற்சாலை கட்டி விற்றது. முதன்முறை பார்ப்பவர்களுக்கு அது ஏதோ தவறாகப் பூட்டப்பட்ட இயந்திரம் போலவே தெரியும். பாய்லர் நடுவில் இல்லாமல் இடதுபுறம் ஒதுங்கியிருக்கும். வலதுபுறம், ஓட்டுநர் அறைக்குச் சற்று முன்னால், சிலிண்டர்கள் நெட்டுக்குத்தாக நிற்கும். காஸில் ஓடியவற்றில் பெரும்பாலும் மூன்று. அந்த எடையைச் சமன் செய்யத்தான் பாய்லரை இடப்பக்கம் தள்ளினார்கள். பிஸ்டன்கள் மேலும் கீழுமாக ஆடி, என்ஜினின் முழு நீளத்துக்கும் வலதுபக்கமாக ஓடும் ஓர் அச்சைச் சுழற்றும். ஒவ்வொரு வலப்பக்கச் சக்கரத்தின் வெளி முகத்திலும் பல்சக்கரம் உண்டு, சுழலும் அச்சு அதைக் கவ்வித் திருப்பும். நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்பகுதியின் சக்கரங்களுக்கும் இதே ஏற்பாடு. ஆக, என்ஜினின் மொத்த எடையும் தண்டவாளத்தைப் பிடித்து இழுக்கும் எடையாகிவிடுகிறது. அச்சின் நடுநடுவே வளைந்து கொடுக்கும் மூட்டுகள் இருப்பதால் எத்தனை வளைவிலும் நெளிந்து போகும். வேகம்தான் கிடையாது. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைலைத் தாண்டினால் உடம்பெல்லாம் உதறும். பிஸ்டன்கள் கடகடவென்று அடிக்கும் சத்தத்தைக் கேட்டால் எக்ஸ்பிரஸ் வருகிறது என்று நினைக்கத் தோன்றும். வண்டியோ கூடவே நடந்து வரும் ஆளைத் தாண்டப் பாடுபட்டுக்கொண்டிருக்கும்.

1905இல் லைமாவில் கட்டப்பட்டு காஸுக்கு வந்த ஐந்தாம் எண் ஷே என்ஜின், அதே மலையில் இன்றும் ஏறி இறங்குகிறது. ஒரே பாதையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்த என்ஜின்கள் உலகத்திலேயே மிகக் குறைவு.

இனி ஊர். ஆற்றின் மேற்குக் கரையில் ஆலையும் ரயில் முற்றமும். அவற்றுக்கு மேலே சரிவில், ஒரே அச்சில் வார்த்தது போன்ற இரண்டு மாடி மரவீடுகள், வெள்ளைப் பூச்சு, முன்னால் மரவேலி, நடக்கப் பலகை நடைபாதை. நிறுவனத்தின் குடும்பத் தொழிலாளர்களுக்கான வாடகை வீடுகள் இவை. இன்னும் உயரத்தில், புகை எட்டாத தூரத்தில், மேலாளர்களின் பெரிய வீடுகள். ‘பிக் பக் ஹில்’, அதாவது பெரியமனிதர் குன்று என்றே ஊரார் அதைச் சொன்னார்கள். கீழே, ரயில் நிலையத்துக்கு அருகில் போகஹான்டஸ் சப்ளை கம்பெனி என்ற நிறுவனத்தின் கடை. துணி, மாவு, கோடாலி, மருந்து, சவப்பெட்டி வரை எல்லாம் கிடைக்கும் இப்படிப்பட்ட கடைதான் கம்பெனி ஊர்களின் மையம். காஸ் கடை அந்த வகையில் மிகப் பெரியவற்றில் ஒன்று. வீடு, வேலை, கடை மூன்றுக்கும் முதலாளி ஒருவரே. ஒழுங்காக வேலை பார்ப்பவனுக்கு அது பாதுகாப்பு. வேலை போனவனுக்கு அதே நாளில் கூரையும் போனது.

நிறுவனத்தின் நிலத்தில் மதுவுக்கு இடமில்லை. அதனால் ஆற்றின் அடுத்த கரையில் கிழக்கு காஸ் எழுந்தது: சாராயக் கடைகள், சூதாட்ட அறைகள், விலைமாதர் வீடுகள். ‘அழுக்குத் தெரு’ என்ற பெயரே அதற்கு நிலைத்தது. காட்டில் மாதக்கணக்காக அடைந்துகிடந்து, கையில் மொத்தக் கூலியுடன் இறங்கி வந்தவர்கள் போன இடம் அதுதான். 1914இல் மேற்கு வர்ஜீனியா மாநிலம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது சாராயம் ஒளிந்துகொண்டது, ஒழியவில்லை.

ஆலையின் அளவைச் சொல்லாமல் ஊரின் அளவு விளங்காது. 1908 முதல் 1922 வரை நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 11 மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் ஓடியது. ஒரு முறைக்கு 1,25,000 பலகை அடி. அறுத்த ஈரப்பலகையை உலர்த்தும் அறைகளில் நீராவிக் குழாய்களின் நீளம் மட்டும் 11 மைல்; ஒரே தடவையில் 3,60,000 பலகை அடி காயும். பக்கத்திலேயே மூன்று மாடி இழைப்புக்கூடம். தரைப்பலகை செய்யும் சில இயந்திரங்களை இயக்கப் பதினைந்து ஆட்கள் தேவைப்பட்டார்கள். நாற்பது ஆண்டுகளில் இந்த ஆலையும் மலை மேலிருந்த ஸ்புரூஸ் ஊரின் ஆலையும் சேர்ந்து 225 கோடிப் பலகை அடிக்கு மேல் விழுங்கின.

அந்த மரத்தை வெட்டியவர்கள் ஊருக்குள் வசித்தவர்கள் இல்லை. ‘உட் ஹிக்’ என்று அழைக்கப்பட்ட காட்டுக் கூலிகள் மலை மேல், பாதை நகர நகரக் கூடவே நகர்ந்த முகாம்களில் இருந்தார்கள். ஒரு முகாமில் ஐம்பது முதல் நூறு பேர் வரை. கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே வரிசையாகப் படுக்கை. விடியுமுன் மணி அடிக்கும். மேசையில் இறைச்சி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், ரொட்டி, பழப் பணியாரங்கள் என்று மலைபோல் குவிந்திருக்கும். மர முகாம்களின் வழக்கப்படி சாப்பிடும்போது பேசக் கூடாது. பேச்சு வளர்ந்தால் நேரம் போகும், சண்டை வரும். நல்ல சமையற்காரர் இல்லாத முகாமில் ஆட்கள் தங்க மாட்டார்கள் என்பதால், மேற்பார்வையாளருக்கு அடுத்த மதிப்பு சமையற்காரருக்குத்தான்.

வேலை இப்படி நடந்தது. கோடாலியால் ஒரு பக்கம் வாய் வெட்டி, மரம் விழும் திசையை முடிவு செய்வார்கள். எதிர்ப்பக்கம் இருவர் மண்டியிட்டு நீள ரம்பத்தை இழுப்பார்கள். விழுந்த மரத்தின் கிளைகளைக் கழித்துத் துண்டு போட்டதும், குதிரைக்காரர் கட்டைகளைக் கொக்கிகளால் சங்கிலிபோல் கோத்து, சரிவில் இழுத்து வருவார். செங்குத்தான சரிவில் கட்டைகள் குதிரையை முந்திக்கொண்டு பாயும். பழகிய குதிரை தானே பாதையிலிருந்து விலகி நிற்கும், கொக்கி கழன்று கட்டைகள் கடந்துபோகும். பழகாத குதிரையும் அதன் ஆளும் அடிபடுவது அடிக்கடி நடந்தது. பாதையோரத்தில் நீராவி ஏற்றுக்கருவி காத்திருக்கும். தட்டைப் பெட்டிகளின் முதுகிலேயே தண்டவாளம் பதித்திருக்கும், அதன் மேல் அது ஒவ்வொரு பெட்டியாகப் பின்வாங்கிக்கொண்டே முன்னாலுள்ள பெட்டியை நிரப்பும். வசந்தத்தில் சாறு ஏறும்போது பட்டை எளிதில் உரியும். ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் பட்டையை உரித்து டர்பின் ஊருக்கு அருகிலிருந்த ஃபிராங்க் போன்ற இடங்களின் தோல் பதனிடும் ஆலைகளுக்கு அனுப்பினார்கள். வெட்டியவர்களில் உள்ளூர் மலைவாசிகளும் இருந்தார்கள், ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். பாதைக்காக மலையைக் குடைந்தவர்களில் இத்தாலியர்கள் ஏராளம்.

மலையின் அந்தப்புறத்தில் இருந்த ஸ்புரூஸ் என்ற ஊரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேள்விக்கு நேரடியான பதில் அந்த ஊர்தான். கடல்மட்டத்திலிருந்து 3,853 அடி உயரத்தில், ஷேவர்ஸ் ஃபோர்க் கரையில், கூழ்மரத்தின் பட்டை சீவும் ஆலைக்காக அதைக் கட்டினார்கள். முப்பது வீடுகள், விடுதி, கடை, பள்ளிக்கூடம், மருத்துவர் எல்லாம் இருந்தன. சாலை மட்டும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. வந்துபோக ரயில் ஒன்றே வழி. சுற்றியிருந்த மரங்களை முதலில் வெட்டியதால், மரத்தின் பெயர் கொண்ட ஊர் அடிக்கட்டைகளுக்கு நடுவே மொட்டையாக நின்றது; குளிர்காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. 1925இல் பட்டை சீவும் ஆலை மூடப்பட்டது. 1920களின் கடைசியில் அந்தப் பக்கத்துப் பாதையை வெஸ்டர்ன் மேரிலேண்ட் ரயில்வே நிலக்கரி கொண்டுபோக வாங்கியதால், ஏற்றத்தில் சரக்கு வண்டிகளைத் தள்ளும் துணை என்ஜின்களின் நிலையமாகச் சில காலம் ஊர் ஒட்டிக்கொண்டிருந்தது. டீசல் என்ஜின்கள் வந்ததும் அதற்கும் தேவை போயிற்று. இன்று அங்கே புல்வெளியும் சில கான்கிரீட் அடித்தளங்களும் தண்டவாளமும்தான்.

காட்டுக்கு நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேற்கு வர்ஜீனியாவில் குறைந்தது 5 லட்சம் ஏக்கர் சிவப்பு ஸ்புரூஸ் காடு இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். அதன் பெரும்பகுதி 1920க்குள் விழுந்துவிட்டது. வெட்டியதோடு முடிந்திருந்தால் காடு தானே எழுந்திருக்கும். வெட்டுமிடத்தில் விட்டுச்சென்ற கிளையும் இலையும் வெயிலில் காய்ந்து கிடக்க, என்ஜின் புகைபோக்கியிலிருந்து பறந்த தீப்பொறி மிச்சத்தை முடித்தது. ஸ்புரூஸ் காட்டின் தரை என்பது நூற்றாண்டுகளாக மக்கிய ஊசியிலைகள், அதுவே எரியும். சில உச்சிகளில் மண்ணே எரிந்து பாறை வெளியே வந்தது. பிடித்துவைக்க மண் இல்லாத மழைநீர் கீழே வெள்ளமாக இறங்கியது. 1907இல் மொனொங்கஹேலா ஆற்றுப் பகுதியைத் தாக்கிய வெள்ளம், ஆறுகளின் தலைப்பகுதிக் காடுகளை அரசு வாங்க வழிசெய்த 1911ஆம் ஆண்டின் வீக்ஸ் சட்டத்துக்கு ஆதரவு திரட்டியது. 1920இல் மொனொங்கஹேலா தேசிய வனம் அமைந்தது அப்படித்தான்.

பழைய காடு எப்படி இருந்தது என்று பார்க்க இன்று காடினீர் நாப் என்ற உச்சிக்குப் போகிறார்கள். 140 ஏக்கர் பாதுகாப்பு நிலத்தில் ஏறத்தாழ 50 ஏக்கர் கோடாலி படாத ஸ்புரூஸ். அது தப்பியது ஒரு நில அளவைப் பிழையால். பெரிய நிலம் ஒன்றை அளந்தவர்கள் திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் மெய்யான வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கத் தவறியதால், எல்லைக்கோடுகளுக்கு நடுவே ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு யார் கணக்கிலும் வராமல் நின்றது. வெட்டுபவர்கள் அதைத் தொடவில்லை. ஒரு முழுக் காட்டில் கண்ணுக்குக் காட்ட மிஞ்சியது ஒரு பிழையின் அளவுதான் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

காஸின் சரிவு மெதுவாகவே வந்தது. 1922 தீயில் ஆலை எரிந்தது, மீண்டும் கட்டினார்கள். முதற்காடு தீரத்தீர வேலைநேரம் சுருங்கியது. 1942இல் காகித நிறுவனம் ஆலையையும் ஊரையும் பாதையையும் மோவர் லம்பர் கம்பெனிக்கு விற்றுவிட்டு விலகியது. மோவர் நிறுவனம் மீண்டும் வளர்ந்த இளமரங்களை வெட்டியது. போர்க்காலத் தேவையும் அதற்குப் பிந்தைய வீடுகட்டும் அலையும் இருந்தவரை ஓடியது. மற்ற ஊர்களில் லாரிகள் வந்து மர ரயிலைத் துரத்திவிட்டிருந்த 1950களிலும், காஸில் பழைய ஷேக்களே புகை கக்கின. புதிதாக முதலீடு செய்யும் அளவுக்கு அந்தத் தொழிலில் பணம் மிஞ்சவில்லை, அதனால் எதையும் மாற்றவில்லை. 1960 ஜூலை 1 அன்று ஆலை நின்றது.

என் பதிலின் மையம் இங்கேதான். காஸ் தப்பியதற்குக் காரணம் அதன் செழிப்பு இல்லை. கடைசி இருபது ஆண்டுகளின் வறுமை. செழிப்பான நிறுவனம் 1945இலேயே ஷேக்களைப் பழைய இரும்புக்கு விற்று, தண்டவாளத்தைப் பிடுங்கி, லாரி வாங்கியிருக்கும். காஸில் எதுவும் மாறாததால், 1960இல் கதவை மூடும்போது 1905ஆம் ஆண்டின் ஒரு முழு மர ரயில் அமைப்பு ஓடும் நிலையில் நின்றது: என்ஜின்கள், பட்டறை, நீர்த்தொட்டி, முட்டுப் பாதைகள், வீடுகள் எல்லாம். நாட்டில் அப்படிப்பட்டவை மிக அரிதாகிவிட்ட காலம் அது.

பிரிக்கும் வேலை தொடங்கவிருந்தது. பென்சில்வேனியாவின் சன்பரியைச் சேர்ந்த ரஸல் பாம் என்ற ரயில் ஆர்வலர், இதை மாநில அரசு வாங்கிச் சுற்றுலா ரயிலாக ஓட்டலாம் என்று உள்ளூர் வணிகர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் பிடித்து வாதாடினார். பணமில்லாத மாநிலம் பழைய இரும்பை வாங்குவதா என்ற எதிர்ப்பு இயல்பாகவே வந்தது. ஆனாலும் 1961இல் சட்டமன்றம் ஒப்புக்கொண்டது. மரம் சுமந்த தட்டைப் பெட்டிகளுக்குக் கூரையும் இருக்கையும் பொருத்தி, 1963 ஜூனில் முதல் பயணிகள் வண்டியை நான்கு மைல் தொலைவிலுள்ள விட்டேக்கர் வரை ஓட்டினார்கள். முதல் பருவத்தில் வந்தவர்கள் சுமார் 23,000 பேர். 1968இல் பாதையைச் சீரமைத்து 11 மைல் தொலைவில் 4,842 அடி உயரத்திலுள்ள பால்ட் நாப் வரை நீட்டினார்கள். மரம் வெட்டியபோது பெயர் தெரியாமல் கிடந்த உச்சி, மாநிலத்தின் மூன்றாவது உயரமான சிகரம் என்று விளம்பரமாயிற்று.

முதல் பயணிகள் வண்டி ஓடிய பிறகும் ஊரை வாங்குவதற்கு மாநிலம் பதினான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 1977இல்தான் கடையும் வெள்ளை வீடுகளும் மாநிலத்தின் கைக்கு வந்தன. அந்த இடைவெளி விலை வைத்தது. 1972இல் என்ஜின் பட்டறை எரிந்தது. மூடிக்கிடந்த ஆலையும் பின்னர் தீக்கு இரையானது. இன்று ஆலை இருந்த இடத்தில் துருப்பிடித்த பாய்லர்களும் இயந்திரங்களும்தான் நிற்கின்றன. காப்பாற்றுவது என்று முடிவெடுத்தால் முழுதாகக் காப்பாற்ற வேண்டும். ரயிலை எடுத்துக்கொண்டு, அந்த ரயில் எதற்காக ஓடியதோ அந்த ஆலையைக் கவனிக்காமல் விட்டது பெரிய இழப்பு.

காஸை உலகத்தோடு இணைத்த கிரீன்பிரையர் பாதையை அதன் ரயில்வே 1978 முடிவில் கைவிட்டது. தண்டவாளம் நீக்கிய 78 மைல் இன்று நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் பயன்படுத்தும் கிரீன்பிரையர் ஆற்றுத்தடம். காஸிலிருந்து வடக்கே டர்பின் வரையிலான பகுதியில் பாதையை விட்டுவைத்தார்கள். 1985 நவம்பர் வெள்ளம் அதை அரித்துக்கொண்டு போனது. ரயிலை நடத்தும் பொறுப்பு 2015 முதல் டர்பின் அண்ட் கிரீன்பிரையர் வேலி ரயில்ரோடு என்ற தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த 15 மைலைத் திரும்பக் கட்டி 2023இல் இரண்டு ஊர்களையும் மீண்டும் ரயிலால் இணைத்தார்கள். வெஸ்டர்ன் மேரிலேண்டுக்காக 1945இல் கட்டிய 162 டன் ஷே, அதாவது லைமா கட்டிய கடைசி ஷே, இப்போது காஸில்தான் இருக்கிறது.

இப்போது ஊரின் பிழைப்பு எது? சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் பழைய தொழிலாளர் வீடுகள், ரயில், அருகில் 1974இல் தொடங்கிய ஸ்னோஷூ பனிச்சறுக்கு விடுதி. கைப்பேசிச் சேவை அந்தப் பக்கம் அரிது. சில மைல் தொலைவில் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கி இருப்பதால் அதற்கு இடையூறு வராமல் வானொலி அலைகளைக் கட்டுப்படுத்தும் அலைவரிசை அமைதிப் பகுதியாக அது 1958 முதல் இருக்கிறது. சம்பளம் பெரும்பாலும் பருவகாலச் சம்பளம். ஒரே தொழிலை நம்பிய ஊர் இன்னொரு ஒரே தொழிலை நம்புகிறது என்பதைத் தப்பித்தவர்களின் கதையில் யாரும் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

நினைவில் வைக்கப்பட்டிருப்பது என்ன என்பதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. என்ஜின்களின் கட்டுமான எண் வரை பதிவாகியிருக்கிறது. வெள்ளை வீடுகளுக்கு ஆண்டுதோறும் பூச்சு நடக்கிறது. மரத்தடியில் நசுங்கிச் செத்தவர்கள், பாதை போட்ட இத்தாலியர்கள், கிழக்கு காஸின் பெண்கள் ஆகியோரைப் பற்றிப் பயணி தெரிந்துகொள்ளும் அளவு மிகக் குறைவு. விட்டேக்கரில் ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு மர முகாமைப் பழையபடி அமைத்திருப்பது நல்ல தொடக்கம். நகரும் வீடுகளில் மனிதர்கள் எவ்வளவு நெருக்கமாக வாழ்ந்தார்கள் என்பதை அங்கே பார்க்கலாம்.

காடு திரும்பி வருகிறது, ஆனால் மெதுவாக. எரிந்த சரிவுகளில் முதலில் கடின மரங்கள் பிடித்துக்கொண்டன, ஸ்புரூஸ் அவற்றின் நிழலில் அங்குலம் அங்குலமாக எழுகிறது. அந்தக் காட்டை நம்பியிருந்த பறக்கும் அணில் 1985இல் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்து, 2013இல் நீங்கியது. சீட் மலையில் மட்டுமே அதிகம் காணப்படும் ஒரு சலமாண்டர் (பல்லி போன்ற உருவமுள்ள, தவளைக்கு உறவான உயிரி) 1989 முதல் அச்சுறுத்தலுக்குள்ளானதாகவே பாதுகாக்கப்படுகிறது. வனத்துறையும் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து, பிரிந்து கிடக்கும் ஸ்புரூஸ் திட்டுகளை ஒன்றோடொன்று இணைக்க நாற்று நட்டு வருகிறார்கள்.

நேரில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நீராவி ரயில் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை, வசந்தத்தின் பிற்பகுதி முதல் இலையுதிர்காலம் வரைதான். தேதியைப் பார்த்து முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். விட்டேக்கரோடு திரும்பும் குறும்பயணம் போதும் என்று நினைக்காதீர்கள். பால்ட் நாப் பயணத்துக்கு அரை நாள் ஆகும், ஆனால் ஹெம்லாக்கும் கடின மரங்களும் விலகி ஸ்புரூஸ் தொடங்கும் உயரக்கோட்டை அதில்தான் கண்ணால் பார்க்க முடியும். கோடையிலும் மேலே குளிரும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் என்ஜினின் வலதுபக்கம் போய் நில்லுங்கள். பிஸ்டன், அச்சு, பல்சக்கரம் எல்லாம் அந்தப் பக்கம்தான். இடதுபக்கம் நின்றால் பாய்லர் மட்டுமே தெரியும். ஏற்றத்தில் என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். கரி படும் என்று கவலைப்படாதவர்கள் என்ஜினை ஒட்டிய பெட்டியிலேயே உட்காரலாம்.